ஆறு டப்பா

ஞாயிறு காலை நேதாஜி மார்க்கெட்டில்
மூன்று கிலோ தக்காளி,
இலவம்பாடி முள்ளுக் கத்திரி ஒன்றரைக் கிலோ.
முள் குத்திய விரலை வாயில் வைத்தபடியே
பாக்கிச் சில்லறை வாங்கினேன்.

பன்னிரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும்.
அப்புறம் சத்துவாச்சாரி மலை
தான் வாங்கின வெயிலையெல்லாம்
வட்டியோடு எங்கள் சமையலறையில் கொட்டும்.

எண்ணெய் பிரியும்வரை தொக்கின் முன்னால் நிற்கிறேன்.
பக்கத்து அடுப்பில் புளிக்காய்ச்சல்.
குக்கரில் கொள்ளு.
தயாளன் சப்பாத்தியை அரைவேக்காட்டில் எடுத்து
நடுநடுவே பேப்பர் வைத்து அடுக்குகிறார்,
வார்டில் போர்வை மடிக்கிற அதே கையால்.

கொள்ளுக்கு மட்டும் தேங்காய்.
தேங்காய் சேர்த்தது செவ்வாயைத் தாண்டாது.
மாவுக்கு இப்போது உப்பு கிடையாது.
மே மாதத்து வேலூரில் உப்புப் போட்ட மாவு
நாம் குளித்துவிட்டு வருவதற்குள்
மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.
கெட்டுப்போனதைக் கொட்டிக் கொட்டிக் கற்றது.

மோனிஷா பிளாஸ்திரியைக் கிழித்து
திங்கள் செவ்வாய் என்று எழுதி ஒட்டுவாள்.
புதன் மட்டும் எப்போதும் கோணல்.
தண்ணீர் பாட்டிலுக்கு இடமே இல்லை என்று
லோகித் ராத்திரிவரை சண்டை.

ஆறேகாலுக்கு ராணிப்பேட்டைக்குக் கம்பெனி பஸ்.
நான் திரும்பும்போது அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.
அவர் திரும்பும்போது நான்
ஷூவுக்கு நாக்குத் தைத்துக்கொண்டிருப்பேன்.
ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்பதற்குக்
கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் சாட்சி.

செவ்வாய். ஷிப்மென்ட். ஓவர்டைம்.
ஒன்பதரைக்கு வந்து பார்த்தால்
வியாழன் காலி.
செவ்வாய் தொடாமல் இருக்கிறது.
எனக்கென்று ஒரு கரண்டி கத்திரிக்காய் மூடி வைத்து
பிளாஸ்திரியில் பேனாவால்:
"சாப்ட்டோம். உப்பு கம்மியா கீது."

கோபம் வந்தது.
கோபப்பட ஆள் இல்லை.
பிள்ளைகள் கால்மாடு தலைமாடாகத் தூங்குகிறார்கள்.
இன்னொரு துண்டு கிழித்து
"இன்னிக்கு இன்னா கிழமை?" என்று எழுதி
அவர் செருப்பு விடுகிற இடத்துக்கு நேரே
சுவரில் ஒட்டினேன்.
பிறகு சாப்பிட்டேன்.
உப்பு கம்மிதான்.

விடியற்காலை செவ்வாயைத் திறந்து முகர்ந்தேன்.
மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லையாம்.
தேங்காய் வேலையைக் காட்டியிருந்தது.
அதைக் கொட்டிவிட்டு,
வெள்ளியைப் பிரித்து வியாழனாக்கலாம் என்று
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே
தெருமுனையில் பஸ் ஹாரன்.

மெஷினில் உட்கார்ந்து முதல் ஜோடி முடியவில்லை,
ஷபானா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.
"இன்னாக்கா, கையில வெள்ளி?"
பார்த்தால் மோனிஷாவின் கையெழுத்து
வியர்வையிலும் விடாமல் ஒட்டியிருக்கிறது.
"தங்கமெல்லாம் பேங்க்ல கீது," என்றேன்.
"வெள்ளியாவது இருக்கட்டும்."
லைன் முழுக்கச் சிரித்தது.
சூப்பர்வைசர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
அஞ்சலைக்கும் அடகுதான்.
அவள்தான் கடைசிவரை சிரித்தாள்.

சாயங்காலம் அந்தத் துண்டை
உரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சுவரில் என் கேள்விக்குக் கீழே பதில்:
"எனக்கு இன்னும் நேத்துதான்."
அதற்கும் கீழே, பிளாஸ்திரி தீர்ந்துபோய்
சுவரிலேயே பென்சிலால்:
"வியாழனுக்கு உப்புமா.
கிளம்பறதுக்கு முன்ன கிண்டி வைக்கிறேன்.
உப்பு நான் போட்டுக்கறேன்."

ரவை டப்பாவைத் தூக்கி
ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தேன்.
இருந்தது.